பூசலார் கட்டிய பணியிடம்

பட்டு நெய்கிற ஊரிலிருந்து போய் பாலியஸ்டர் பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்திருக்கிறோம். போர்த்திக்கொண்டது நான் இல்லை, எங்கள் தெரு டீச்சர். நான் கைதட்டப் போனவன்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். தாராசுரத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். 2021இல் கும்பகோணம் மாநகராட்சி ஆனபோது எங்கள் பேரூராட்சியையும் அதற்குள் தள்ளிவிட்டார்கள், ஆகவே சட்டப்படி ஊர் விட்டு ஊர் போகவில்லை. மண்டப வாசலில் பேனர். விருது கொடுக்கிற அமைப்பின் நிறுவனத் தலைவர் அதில் ஐராவதம் கணக்காக நிற்கிறார். விருது வாங்கப்போகும் நாற்பத்திரண்டு பேரும் அவர் காலடியில் தபால்தலை கணக்காக. கல்விச் சுடர், சேவைச் சிகரம், மனிதநேய மாமணி என்று ஆளுக்கொரு பட்டம். எங்கள் டீச்சருக்கு வந்தது கொஞ்சம் புதுச்சரக்கு: ‘பள்ளிச் சமூகப்பணிச் செம்மல்’.

ஒருங்கிணைப்பாளர் தம்பி சந்தன நிறச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார். பிடித்து நிறுத்தி, “தம்பி, பள்ளிச் சமூகப்பணின்னா என்ன?” என்றேன்.

“ஸ்கூல்ல இருந்துகிட்டே சமூகத்துக்குப் பணி செய்யறதுண்ணே.”

“அப்ப வாட்ச்மேனுக்கும் உண்டா?”

“அடுத்த வருஷம் பார்ப்போம்ணே. அவர் மூவாயிரத்து ஐந்நூறு கட்டுவாரான்னு தெரியலையே.”

விருது இலவசம்தானாம். ஷீல்டு, போட்டோ, சாப்பாடு, பேனரில் தபால்தலை, இவற்றுக்குத்தான் அந்த மூவாயிரத்து ஐந்நூறு. டீச்சர் கட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருபத்தேழு வருஷமாக யாரும் அவரிடம் ‘நல்லா செஞ்சீங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. காசு கொடுத்தாவது கேட்டுவிட்டுப் போகிறார். சோறு போடாத வீட்டுப் பிள்ளை ஓட்டலில் சாப்பிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்தைச் சின்ன வியாபாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 பிப்ரவரி 26 அன்று சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மேடை போட்டு, திரைப்பிரபலங்களுக்கெல்லாம் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கள் அரங்கில் என்ன நடந்தது என்று பல்கலைக்கழகத்துக்கே பிறகுதான் தெரிந்ததாம். இசையமைப்பாளர் தேவா மேடையேறி வாங்கினார். வடிவேலுவுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். அங்கேயே அப்படி என்றால் கும்பகோணத்து மண்டபத்தில் செம்மல் பட்டம் கொடுப்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. அவர் கடை போட்டிருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பள்ளிச் சமூகப் பணியாளர் என்று உலகத்தில் நிஜமாகவே ஒரு வேலை இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நடக்கிற ஆள். பையன் நாலு நாளாக வரவில்லையா, வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டுப் போகாமல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது. அப்பா குடிக்கிறாரா, அம்மா படுத்த படுக்கையா, கடன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று பார்ப்பது. பார்த்ததை எங்கே சொன்னால் காரியம் நடக்குமோ அங்கே சொல்வது. காரியம் நடக்கிறவரை விடாமல் நச்சரிப்பது. அமெரிக்காவில் 1906–07 வாக்கில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் இது தொடங்கியது. ‘வீட்டுக்கு வரும் டீச்சர்’ என்கிற பொருளில்தான் முதலில் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆண்டுக்கு ஒரு முறை தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கிறார்கள், மார்ச் மாதத்தில் ஒரு வாரம் கொண்டாடிக்கொள்கிறார்கள். கேட்ட விகிதம் அங்கேயும் பல இடங்களில் கிடைப்பதில்லை. இருந்தாலும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வேலை வந்தது, பிறகு சம்பளம், பிறகு சங்கம், கடைசியில் விருது. நாம் கெட்டிக்காரர்கள். கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டோம்.

படித்த ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மும்பையில் டாடா நிறுவனத்தார் சமூகப்பணிக்குப் பள்ளி தொடங்கியது 1936. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது 1952. அன்றிலிருந்து வருஷா வருஷம் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து வெளியே வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 1098 என்று குழந்தைகள் கூப்பிடுகிற எண்கூட 1996இல் அந்த மும்பை நிறுவனத்தின் முயற்சியில் பிறந்ததுதான். படிப்பு எழுபது எண்பது வருஷமாக இருக்கிறது. படித்தவர் உட்கார அரசுப் பள்ளியில் ஒரு நாற்காலி மட்டும் தயாராகவில்லை.

அரசாங்கம் விருதே கொடுப்பதில்லையா என்றால், கொடுக்கிறது. செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது: பத்தாயிரம் ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். சுதந்திர தினத்தன்று சிறந்த சமூக சேவகர் விருது, பெண்கள் முன்னேற்றத்துக்காக உழைத்தவர்களுக்குப் பத்து கிராம் தங்கப் பதக்கம். இதற்கு விண்ணப்பிக்கிற விதத்தைப் படித்திருக்கிறீர்களா? கருத்துருவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துப் புத்தகமாகக் கட்டித் தர வேண்டும். தமிழ் ‘மருதம்’ எழுத்துருவில் இருக்க வேண்டும் என்றுகூட மாவட்ட அறிவிப்புகளில் கேட்டதுண்டு. காவிரிப் பாசனக்காரனிடம் போய் மருதம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருந்ததய்யா, மூன்று போகம் விளைந்த காலத்தில்.

அன்று மண்டபத்திலிருந்து திரும்பியதும் மனசு கசந்து கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. மூலவர் சந்நிதியைச் சுற்றி அடிவரிசையில் அறுபத்துமூன்று நாயன்மார் கதையையும் சாண் உயரத்தில் செதுக்கி, பெயரும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணூறு சொச்சம் வருஷத்துக்கு முந்தைய விருதுப் பட்டியல். ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஒருவரும் மூவாயிரத்து ஐந்நூறு கட்டவில்லை.

இன்றைக்கு இவர்கள் இணையதளத்தில் பதிவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

கண்ணப்பர்: கண்ணை எடுத்தது சொந்த விருப்பத்தின் பேரில் என்பதற்கு நோட்டரி சான்று இணைக்கப்படவில்லை. இரண்டாவது கண்ணைத் தொடும்போது மேலிடம் தடுத்துவிட்டதால் பணி முழுமையடையவில்லை. நிராகரிக்கலாம்.

இளையான்குடி மாறனார்: விதைத்த நெல்லை நடுராத்திரியில் வாரியெடுத்துச் சமைத்திருக்கிறார். வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை. பயனாளி ஒரே ஒருவர். குறைந்தது நூறு பேர் இருக்க வேண்டும். விருந்தாளியின் ஆதார் எண்ணும் தரப்படவில்லை.

அப்பூதி அடிகள்: தண்ணீர்ப் பந்தல், சாலை, பெற்ற பிள்ளை, எல்லாவற்றுக்கும் மேலோர் ஒருவரின் பெயரையே வைத்திருக்கிறார். நடைமுறை தெரிந்தவர். பரிந்துரைக்கப்படுகிறது.

அறுபத்துமூவரில் நம் அரசாங்கத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் நினைப்பது இவரையும் அல்ல. பூசலாரை. திருநின்றவூர்க்காரர். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நாள் பார்த்தார், கோபுரம் எழுப்பினார், கும்பாபிஷேகத்துக்கும் தேதி குறித்தார். அதே தேதியில் காஞ்சிபுரத்தில் காடவர்கோன் நிஜக் கல்லில் கட்டிய கோயிலுக்கும் விழா. நாங்கள் பூசலார் வீட்டுக்குப் போகிறோம், நீ தேதியை மாற்றிக்கொள் என்று சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து சொல்லிவிட்டாராம்.

பூசலாரிடம் காசில்லை, அதனால் மனசில் கட்டினார். இங்கே ராஜாவே மனசில்தான் கட்டுகிறார்.

சொல்கிறேன் கேளுங்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுப்பறைக்குள்ளேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். நாடே பதறியது. பிள்ளைகள் மனசைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கருணை பிறந்தது. பிறந்த கருணை 2013இல் வண்டியாக உருண்டு வந்தது. நடமாடும் உளவியல் ஆலோசனை மையம். அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து வண்டி பத்து. முப்பதாயிரத்துக்கு மேல் அரசுப் பள்ளிகள். கணக்கு எனக்குச் சுமார்தான், இருந்தாலும் போட்டுப் பார்த்தேன்: ஒரு வண்டிக்கு மூவாயிரம் பள்ளி; நாளுக்கொரு பள்ளி வீதம், வருஷத்துக்கு 200 நாள் ஓடினாலும் ஒரு சுற்று முடிய 15 வருஷம். ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டு நின்ற பையனுக்கு வண்டி வந்து சேரும்போது வயசு 21. சட்டப்படி கல்யாணமே பண்ணிவைக்கலாம். தேர்கூட எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறை தெருவுக்குள் வருமய்யா.

அடுத்து 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. சக மாணவர்களின் சாதித் தொந்தரவு தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். புகார் சொன்னான். புகார் சொன்ன ராத்திரி வீட்டுக்குள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வராமல் நின்றுபோன ஒரு பையனின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவதுதான் நான் மேலே சொன்ன வேலை. அந்த வீட்டுக்குத் தட்டுகிறவர் வரவில்லை, உடைக்கிறவர்கள் வந்தார்கள்.

நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சர் கையில் அறிக்கையைக் கொடுத்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். அதில் இருக்கிறது: ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கிற மேல்நிலை, உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி நல அலுவலர் பணியிடம் உருவாக்குங்கள் என்று. சாதித் தொந்தரவு, போதை, பாலியல் சீண்டல், கேலிவதை எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும் என்று. பள்ளிச் சமூகப் பணியாளருக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் கிடைக்காது. அறிக்கை வெளிவந்ததும் என்ன பேசினோம்? சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற கயிற்றைப் பற்றிப் பேசினோம். நெற்றியில் இடுகிற பொட்டைப் பற்றிப் பேசினோம். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு கவுன்சிலர் அறிக்கையின் நகலையே கிழித்தெறிந்தார். தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். நல அலுவலர் என்ற வார்த்தையை அந்த நால்வரில் ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரியும், கத்த வசதி. பணியிடம் என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளி வாசல்களில் அப்படி ஒரு பெயர்ப்பலகையைத் தேடிப் பார்த்தேன். நான் தேடியதில் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமா? பூசலார் கோயிலைக்கூடக் கண்ணால் பார்த்தவர் கிடையாது.

உச்ச நீதிமன்றமும் சும்மா இல்லை. 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பு: நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும். நூறுக்குக் குறைவாக இருந்தால் வெளியில் இருக்கும் மனநல வல்லுநர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் போதும். நல்ல தீர்ப்பு. நீதிபதிகளுக்கு நம் ஆட்களைத் தெரியாது. இனி எத்தனை பதிவேட்டில் தொண்ணூற்றொன்பதோடு சேர்க்கை நிற்கிறது என்று பாருங்கள். நூறாவது பிள்ளை வாசலில் நின்றுகொண்டு நான் உள்ளே வரலாமா என்று கேட்கும்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு பெட்டி வந்தது. ‘மாணவர் மனசு’. பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். நான் ஒரு பள்ளியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பூட்டுப் போட்டிருந்தது. சாவி யாரிடம் என்றேன். முன்பு இருந்தவர் மாறுதலில் போய்விட்டாராம். எங்கள் கோயிலில் பலிபீடத்துக்குப் பக்கத்துக் கல்படிகளைத் தட்டினால் இசை வரும் என்பார்கள். அதையும் கம்பி அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். தட்டினால் சத்தம் வருகிற எதையும் நமக்குத் திறந்து வைக்கப் பிடிக்காது போல.

சரி, சமூகப் பணியாளர் என்ற பதவியே அரசாங்கத்தில் கிடையாதா? உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். மாவட்டத்துக்கு ஓரிருவர், ஒப்பந்தம், மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். கடைசியில் ஒரு முப்பத்தாறு ரூபாய் இருக்கிறதே, அதை யோசித்து வைத்த மகான் யாரோ, அவருக்கு ஒரு விருது தரலாம். திருவையாற்றில் ஒரு குழந்தைத் திருமணம், அதே நாளில் பேராவூரணியில் ஒரு காணாமல் போன பையன் என்றால் இந்த 18,536 ரூபாய் எந்தப் பேருந்தில் ஏறும்?

பேராவூரணி என்றதும் நினைவுக்கு வருகிறது. கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துவிட்டுப் போன பிறகு, கூரை போன வீட்டைக் கட்டுவதற்காக டெல்டாவில் ஒரு சிறுவனை 36,000 ரூபாய்க்கு அடகு வைத்த செய்தி நாளிதழ்களில் வந்தது. நகை இல்லை, நிலம் இல்லை, பையன் இருந்தான். மீட்டார்கள். மீட்டதும் செய்தி ஆயிற்று. அவன் பள்ளிக்கு வராமல் போன முதல் நாள் செய்தி ஆகவில்லை. அந்த முதல் நாளைக் கவனிக்கத்தான் இங்கே ஆள் கிடையாது. 2022 ஜனவரியில் இதே தஞ்சை மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண்பிள்ளை இறந்துபோனது. எத்தனை கொடிகள் வந்தன! எத்தனை கேமராக்கள்! எந்த மதம் என்று பேச நூறு பேர் வந்தார்கள். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது ‘என்னம்மா, ராத்திரி தூங்கினியா’ என்று கேட்கச் சம்பளம் வாங்குகிற ஓர் ஆள் அங்கே இருந்தாரா என்று அந்த நூறில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

உதவித்தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளி வீட்டுப் பெண். திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. முதல் வருஷத்துக்கான உதவித்தொகை இரண்டாம் வருஷம் முடியும்போது வந்தது. நடுவில் அப்பா பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டணத்தைக் கட்டினார், அதற்கு வீடே சேர்ந்து தறியில் உட்கார்ந்தது. படிப்பில் களப்பணி என்று வாரத்துக்கு இரண்டு நாள் உண்டு. அவளை ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு வருஷம் மட்டும் அந்தப் பள்ளிக்குச் சமூகப் பணியாளர் இருந்தார். சம்பளம் இல்லை, பேருந்துக் காசும் இல்லை, நின்றுபோன நாலு பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ரெக்கார்டு நோட்டில் எழுதினாள், மதிப்பெண் போட்டார்கள், நோட்டு கல்லூரி அலமாரிக்குப் போயிற்று, நாலில் மூன்று பிள்ளை மறுபடி நின்றது.

இப்போது அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு குழுக்கடன் கம்பெனியில் கள அலுவலர். அதே தெரு, அதே வீடு, அதே கதவு. காலை ஏழு மணிக்குப் போய்த் தட்டுகிறாள். வாரத் தவணை வசூல். “மாமா, படிச்ச படிப்பு வீணாகல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் யாருக்கு என்ன கஷ்டம்னு கண்டுபிடிச்சிடறேன். கம்பெனியில அதுக்குத்தான் மதிப்பு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கம்பெனி அவளுக்குப் போன வருஷம் விருது கொடுத்தது. சிறந்த வசூல்.

நாடு தன் சமூகப் பணியாளரைக் கண்டுபிடித்துவிட்டது. கடன் வசூலுக்குப் பணியிடம் உண்டு. சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேர ஆலோசகர் உண்டு என்று அங்கே வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து சொல்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கே படிக்கின்றன. இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் அனுப்புகிற பணத்தில் நாங்கள் ஆண்டு விழா நடத்தி ஷீல்டு கொடுக்கிறோம்.

எங்கள் வட்டாரத்தில் ஒருவர் வாயைத் திறந்து விருது என்று சொன்னால் எனக்கு 2004 ஜூலை ஞாபகம் வரும். அந்த மாதம் 7ஆம் தேதி சீனாவில் சூசோ நகரத்தில் முடிந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் எங்கள் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இல் கிடைத்த மரியாதை எங்களுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நீண்டது. கல்லுக்கு உலக விருது. சந்தோஷம். சரியாக ஒன்பது நாள் கழித்து, ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சமையல்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 குழந்தைகள். ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு கல் பெயர்ந்தால் டெல்லிவரை கடிதம் போகும். கீற்றுக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை அடைத்து வைத்த பள்ளிக்கு ஒவ்வொரு வருஷமும் எல்லாம் சரி என்று காகிதம் போய்க்கொண்டிருந்தது.

2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளி என்றது. நிறுவனர், தாளாளர், தலைமையாசிரியை, கல்வித் துறைக்காரர்கள், பொறியாளர். சத்துணவு அமைப்பாளரும் சமையல்கார அம்மாவும்கூட அந்தப் பத்தில் உண்டு. பிறகு 2017இல் உயர் நீதிமன்றம் சிலரை விடுவித்தது, சிலருக்குத் தண்டனையைக் குறைத்தது. நான் சட்டம் படித்தவன் இல்லை, தீர்ப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று கவனித்தேன்: குற்றப்பத்திரிகை எழுதும்போது பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா வரை நம் பார்வை இறங்குகிறது. விருதுப் பட்டியல் எழுதும்போது தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிடுகிறது.

ஏனென்றால் எங்கள் டீச்சர் வேலை பார்க்கிற பள்ளியின் நிஜமான சமூகப் பணியாளர் யார் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். டீச்சர் பாவம், எங்கள் கோயிலில் இருக்கிற யானை–காளைச் சிற்பம் மாதிரி. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் ஆசிரியை, மறு பக்கத்தை மறைத்தால் குமாஸ்தா. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கே பாதி நாள் போய்விடும். நான் ஒரு வேலையாக அங்கே போயிருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வரவில்லை. டீச்சர் செல்போனில் ‘வரவில்லை’ என்று அழுத்தினார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“அவங்க தெருவுல இன்னைக்குப் பாவு போடறாங்க டீச்சர். நாளைக்கு வந்துருவான். ஆனா அடுத்த வாரத்துல இருந்து பார்த்துக்குங்க. பாட்டிக்குக் கண்ணு சரியில்லையாம், தார் சுத்த இவனத்தான் உட்கார வைக்கப்போறாங்க.”

சத்துணவு சமைக்கிற அக்கா. அரிசி களைந்துகொண்டே சொன்னது. எம்.எஸ்.டபிள்யூ. இல்லை, எட்டாம் வகுப்பு. பாவு நீட்டினால் ஒரு நாள் போகும், தார் சுற்ற உட்கார்ந்தால் பள்ளிக்கூடமே போய்விடும் என்கிற வித்தியாசத்தை எந்தச் செயலியிலும் ஏற்ற இடமில்லை. அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து என்ன செய்ய? அடுப்பை அணைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போக முடியாது. டீச்சராலும் போக முடியாது. போகிற வேலைக்கு ஆள் எங்கே என்றால், ஆள் பூசலார் மனசில் இருக்கிறார்.

விருது விழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் பள்ளிப் பக்கம் போனேன். ஷீல்டு அலமாரிக்கு மேலே, போன சுதந்திர தினத்துக் கொடிக் காகிதத்துக்குப் பக்கத்தில். பொன்னாடையைக் காணோம்.

“டீச்சர், பொன்னாடை எங்க?”

“அக்காகிட்ட கொடுத்துட்டேன். அண்டா இறக்கத் துணி இல்லைன்னுச்சு.”

அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். அண்டாவின் காதில் சரிகைக் கரை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தது.

“சூடு பட்டதும் கையில பிடிச்சுக்கிச்சு சார்” என்று சிவந்த விரலைக் காட்டியது. “இதைப் போய்ப் போர்த்துறாங்களே. நம்ம பயலுவ நெய்யறதுல ஒரு முழம் கொடுத்திருக்கலாம்.”

“அந்தப் பையன் வரானா?” என்றேன்.

“எந்தப் பையன்?” என்றது அக்கா. “தார் சுத்தறவனா?”